நோகுதென்று சொன்னார்

"நோகுது எண்டு சொல்லுவாங்க. தலை நோகுது, இடுப்பு நோகுது, உசிர் போகுது எண்டெல்லாம் சொல்லுவாங்க. நம்பிடாதீங்க. அது குளிசைக்காகச் சொல்ற கதை."

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மேசையில் கிடந்த என் போன் அதிர்ந்தது. கிண்ணியாவில் ஒரு பாலர் பாடசாலை மண்டபம். முன்னால் இருபத்தேழு பெண்கள். என் முதுகுக்குப் பின்னால், சுவரில் ஒரு பெரிய படம். அதில் நான்கு கட்டங்கள்: கஞ்சா, ஐஸ், ஹெரோயின், வலிக் குளிசை. ஒவ்வொன்றும் உடம்பை என்ன பாடு படுத்தும் என்று கீழே எழுதியிருக்கும். மாதத்தில் இரண்டு தடவை இந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன். சுகாதாரத் தொண்டர் என்று பெயர்.

கஞ்சா குடித்தால் பொடியன்மாருக்குப் படித்தது ஒன்றும் மண்டையில் நிற்காது என்று சொன்னபோது பெண்கள் தலையாட்டினார்கள். ஐஸ் எடுத்தால் நாட்கணக்கில் நித்திரை வராது, நெஞ்சு படபடக்கும், பல் கொட்டும், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றபோது "அல்லாஹ்!" என்றார்கள். ஹெரோயின் ஊசி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது ஈரல் நோயும் சேர்ந்து போகும் என்றேன். நான்காவது கட்டத்துக்கு வந்தபோது ஒருவருக்கும் பயம் வரவில்லை. குளிசைதானே, டொக்டரும் அதைத்தானே தருகிறார்? அளவு கூடினால் மூச்சு மெதுவாகும், ஆள் தூங்குகிறார் என்று நினைத்து வீட்டுக்காரர் போர்வை போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள் என்று நான் அழுத்திச் சொன்னேன். இந்தக் கட்டத்தில் எனக்குத் தேர்ச்சி கொஞ்சம் அதிகம். என் கணவர் ஸஜ்ஜாத் பதினொரு மாதமாக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது.

போனில் ஸஹாப்தீன் நானா, ஊரே அண்ணன் என்று மதிக்கிற ஆள். ஸஜ்ஜாத் சுழியோடி. ஸஹாப்தீன் நானாவின் படகில் போய்க் கடலட்டை பிடிப்பவர். நானா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். அதைவிடப் பெரிய விஷயம், அவருடைய மகனுக்குத்தான் ஸஜ்ஜாத்தின் தங்கச்சி சனூஸாவைப் பேசி முடித்திருக்கிறோம். அடுத்த மாதம் நிக்காஹ்.

"நஸ்ரின் புள்ள, பயப்படாதீங்க. ஸஜ்ஜாத்துக்குக் கொஞ்சம் பிடிச்சிட்டு. ரெண்டு காலும் விளங்கல்ல, அசைக்க ஏலாது எண்டுறான். கரைக்குக் கொண்டு வந்திட்டம். காத்துச் சிலிண்டர் எல்லாம் முடிஞ்சு போச்சு, நிரப்பி எடுக்க லொறி போயிருக்கு. வந்த உடன திரும்ப இறக்கினா சரியாயிரும்."

ஆழத்தில் கனநேரம் இருந்துவிட்டுக் கெதியாக மேலே வந்தால், உள்ளே இழுத்த காற்று இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழாக நின்றுவிடும். அதைத்தான் எங்கள் ஆட்கள் பிடிப்பு என்கிறார்கள். அதற்கு அவர்களே கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று இருக்கிறது: பிடித்தவனைச் சிலிண்டரோடு திரும்பவும் ஆழத்தில் இறக்கி, மெல்ல மெல்ல ஏற்றுவது. ஸஹாப்தீன் நானா அப்படி இரண்டு பேரை நடக்க வைத்தவர். டொக்டர்மார் கேட்டால் கோபிப்பார்கள், ஆனால் கரையில் டொக்டரை யார் கேட்கிறார்கள்?

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். "நானா, இறக்காதீங்க, அவர் குளிசை போட்டிருக்கார்" என்று ஐந்தாறு சொற்கள். இருபத்தேழு பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் நானா, வாறன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். "வீட்டுக்கு ஆக்கள் வந்திட்டாங்களாம், மறுகா ஒரு நாளைக்கு மிச்சத்தச் சொல்றன்" என்று பெண்களிடம் ஒரு பொய்யையும் சொன்னேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே வெறுப்பாக இருந்தது.

வெளியே வந்து ஓட்டோ பிடித்தேன். ஏறியதும் நானாவைத் திரும்ப அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. கரைக்குப் பத்து நிமிடம். லொறி எத்தனை மணிக்குப் போனது என்று கேட்காமல் விட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கணக்குப் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை, காலையில் என் கையால் கொடுத்த குளிசைகளைத் தவிர.

ஆரம்பத்தில் படகில் முதுகு நோவுக்கென்று இரண்டு போட்டவர்தான். பிறகு நோ இல்லாத நாளிலும் போட்டார். நான் கண்டுபிடித்தபோது ஒரு நாளைக்கு எட்டு. போடாவிட்டால் வியர்க்கும், கொட்டாவி வரும், கை கால் உதறும், பிள்ளைகளில் எரிந்து விழுவார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்ல வேண்டிய நான், சனூஸாவின் கலியாணத்தை நினைத்தேன். ஊர் வாயை நினைத்தேன். என் படத்தையும் நினைத்தேன். குளிசைப் போத்தலைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். எட்டை ஆறாக்கி, ஆறை நாலாக்கி, நாலை இரண்டாக்கி வைத்திருந்தேன். டொக்டர் செய்ய வேண்டிய வேலையை ஓர் அலுமாரித் திறப்போடு செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

முந்தாநாள் தொடங்கினார். "இடது தோள் நோகுது, புள்ள. எலும்புக்குள்ள குத்துது. ரெண்டு கூடத் தாங்க."

நான் சிரித்தேன். "இந்தக் கதைய ஊருக்கெல்லாம் வாசிக்கிறவள் நான். எனக்கேவா?"

நேற்றும் அதே தோள், அதே கெஞ்சல். நானும் அதே சிரிப்பு. இன்று காலை குசினி வாசலில் தோளைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் படத்தைச் சுருட்டிவிட்டு, அதைக் கட்ட ஒரு இறப்பர் பட்டி தேடிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. நம்பியெல்லாம் கொடுக்கவில்லை. தொல்லை தாங்காமல்தான் அலுமாரியைத் திறந்தேன். இரண்டுக்குப் பதிலாக ஆறை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இந்தாங்க, முழுங்கிட்டு என்ன விடுங்க." விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, "இப்ப ஒண்டும் தெரியல்ல" என்று சந்தோஷமாகக் கடலுக்குப் போனார்.

ஆறு குளிசை போட்டவரை ஆழத்தில் இறக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சிலிண்டரிலிருந்து வருகிற குழாயின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். நித்திரை வந்தால் வாய் திறக்கும். அவ்வளவுதான். பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் அதைக் கண்டு, குழாயைத் திரும்பச் செருகுவதற்குள் தண்ணீர் உள்ளே போய்விடும்.

"கொஞ்சம் கெதியாப் போங்க" என்று ஓட்டோக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன்.

நான் கரையில் இறங்கியபோது லொறி எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. சிலிண்டர்கள் படகில் ஏறிவிட்டன. ஸஜ்ஜாத் படகுக்குள் மல்லாந்து கிடந்தார். ஒருவன் அவருடைய நெஞ்சில் பட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஸஹாப்தீன் நானா முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நானா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"திருகோணமலைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் புள்ள? போய்ச் சேந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டுச் சுணக்குவாங்க. அதுக்குள்ள கால் ரெண்டும் செத்திரும். நான் ரெண்டு மணித்தியாலத்தில நடக்க வச்சுக் கொண்டு வாறன், இன்ஷா அல்லாஹ்."

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பது வருடம் கடலில் நின்றவர். ஸஜ்ஜாத் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்.

"அவருக்கு ராத்திரி காய்ச்சல் நானா."

"கடல்ல இறங்கினா காய்ச்சல் ஓடிரும்."

"காலையில சாப்பிடவும் இல்ல. வயித்தப் பிரட்டிச் சத்தி வருது எண்டவர்."

"இறங்கப் போறவனுக்கு வெறும் வயிறுதான் நல்லம்."

பாதி உண்மைக்கும் கால் பொய்க்கும் அவரிடம் பதில் இருந்தது. எனக்குள்ளே இருந்ததற்கு மட்டும்தான் பதில் இல்லை, அதைத்தான் நான் வெளியே எடுக்கவில்லை. என் குரலைக் கேட்டு ஸஜ்ஜாத் கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அசைத்தார். சொல்லாதே என்று அர்த்தம். சனூஸாவுக்காகத்தான் என்று எனக்கு விளங்கியது. அந்த நிலையிலும் தங்கச்சியை நினைக்கிற மனிதர். பிறகு இமை தானாக விழுந்தது.

"டேய், நித்திரை கொள்ளாத!" என்று நானா எட்டி அவர் கன்னத்தில் தட்டினார். "களைச்சுப் போனான் பாவம்" என்று என்னிடம் சொன்னார்.

நான் ஸஜ்ஜாத்தின் நெஞ்சைப் பார்த்தேன். குளிசை கூடினால் கண்மணி ஊசிமுனையாய்ச் சிறுக்கும், ஆனால் மத்தியான வெயிலில் எல்லோருடைய கண்மணியும் சிறுத்துத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நெஞ்சு பொய் சொல்லாது. அது ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அசையவில்லை. ஐந்து. ஆறு. ஏழு என்னும்போதுதான் அடுத்தது ஏறியது.

எஞ்சினை இழுத்துவிட்டார்கள். நானா படகில் தாவி ஏறினார். பட்டி கட்டியவன் குழாயின் வாயை ஸஜ்ஜாத்தின் பல்லுக்கு இடையில் வைத்தான். அது ஒரு பக்கம் சரிந்தது. திரும்ப வைத்தான். படகு நகர்ந்தது.

நான் ஹபாயாவோடு தண்ணீருக்குள் இறங்கிப் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இறக்காதீங்க! அவர் குளிசை போட்டிருக்கார்!"

எஞ்சின் சத்தத்தில் விளங்கவில்லை போல. "என்ன புள்ள?" என்று நானா கையைக் காதருகே வைத்தார். இன்னும் ஒரு தடவை, இன்னும் சத்தமாக, கரையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் கேட்க, நான் கத்த வேண்டியிருந்தது.

"போதைக் குளிசை! காலையில ஆறு போட்டவர். பதினொரு மாசமாப் போடுறவர். ஆறையும் நான்தான் குடுத்தனான், என்ட கையாலதான். மூச்சு மெதுவாகுது, எண்ணிப் பாருங்க! தண்ணிக்குள்ள நித்திரை கொண்டா வாய் துறந்திரும். இறக்கினா மௌத்துத்தான் நானா!"

எஞ்சின் நின்றது. எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: "போதைக்குக் கூட்டம் வைக்கிறவட வீட்டிலயா?"

"ஓம், அவட வீட்டிலதான்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஸஹாப்தீன் நானா என்னைப் பார்த்தார். இனிக் கலியாணமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விளிம்பை விடவில்லை. அவர் குனிந்து ஸஜ்ஜாத்தின் நெஞ்சில் இருந்த பட்டியை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஆறில்ல புள்ள" என்றார். "எட்டு. படகில எப்பவும் ஒரு வலிக் குளிசைக் காட் இருக்கும். வலி தாங்க ஏலாமக் கத்தினான். நான் ரெண்டு குடுத்திட்டன். ஏற்கெனவே போட்டிருக்கான் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? தெரியவிடாமல் வைத்திருந்தவள் நான்.

அதற்குப் பிறகு யாரும் விவாதிக்கவில்லை. சிலிண்டர் கொண்டுவந்த லொறியிலேயே ஒரு பலகையைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். நானும் நானாவும் இரு பக்கமும் குந்தினோம். பாலத்தைத் தாண்டித் திருகோணமலைக்குப் போகிற வழி முழுவதும் நான் அவருடைய காதுக்குள் "மூச்சு எடுங்க, மூச்சு எடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொன்னால் எடுத்தார். நிறுத்தினால் மறந்தார். ஒரு தடவை ஒன்பது வரை எண்ணிவிட்டேன். நானா ஓதுவதை நிறுத்திவிட்டு அவர் மார்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வந்தது. என் வாழ்க்கையில் அந்த அரை மணித்தியாலத்தைப்போல ஒன்றை நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். என்ன போட்டவர், எத்தனை, எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறு மணிக்கு ஆறு, பதினொன்றரைக்கு இரண்டு, பதினொரு மாதமாக என்று சொன்னேன். குளிசையின் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "இப்படி ஒளிக்காமச் சொல்ற வீட்டுக்காரர் குறைவு" என்றார் அவர். அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒக்சிசன் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஸஜ்ஜாத் ஒழுங்காக மூச்செடுத்தார், கண்ணைத் திறந்தார்.

"முதன்முதலா எப்ப நோ வந்தது?" என்று டொக்டர் அவரிடம் கேட்டார்.

"முந்தாநாள். கடலால வந்து கொஞ்ச நேரத்தில. இடது தோள்ல, எலும்புக்குள்ள."

டொக்டர் எழுதிக்கொண்டே, பக்கத்தில் நின்ற என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "அதுதான் முதல் அடையாளம். அண்டைக்கே கடலுக்குப் போகாம இஞ்ச வந்திருந்தா தோளோட முடிஞ்சிருக்கும். இண்டைக்குக் குளிசை நோவ மறைச்சிட்டு, இவரும் சுகமாகிட்டு எண்டு நினைச்சு இறங்கிட்டார். இப்ப முள்ளந்தண்டில பிடிச்சிருக்கு."

யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. குளிசை குடிப்பவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு உண்மையாகவும் நோகலாம் என்பதை எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் என் வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொன்ன மனிதரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். வெட்கம் என்று சொன்னால் போதாது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று பின்னேரம் அவரைத் துறைமுகத்துக் கடற்படை முகாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கே காற்றழுத்தம் கூட்டுகிற இரும்பு அறை ஒன்று இருக்கிறது. ஆளை உள்ளே வைத்து, ஆழத்தில் இருப்பதுபோல அழுத்தத்தைக் கூட்டி, பிறகு மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பார்களாம். விளக்கத்தைக் கேட்ட ஸஹாப்தீன் நானா நிமிர்ந்தார்.

"அப்ப நான் சொன்னதத்தானே இவங்களும் செய்றாங்க?"

"ஓம் நானா. தண்ணி மட்டும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. பிறகு, நான் கேட்காமலே, "சனூஸாட விஷயத்தில ஒரு மாத்தமும் இல்ல" என்றார். "உங்கள மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்ல. நானும் குடுத்தவன்தானே. படகில கிடந்த காட்டக் கிழிச்சுக் கடல்ல எறிஞ்சிட்டன்." எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னாலேயே அழுதேன்.

மூன்றாம் நாளும் ஸஜ்ஜாத்தின் கால்கள் அசையவில்லை. இரண்டு தடவை அந்த இரும்பு அறைக்குள் வைத்து எடுத்தாயிற்று. ஊசியால் குத்திப் பார்த்தார்கள், தெரியவில்லை என்றார். இதற்கிடையில் குளிசை இல்லாத உடம்பு தன் வேலையைத் தொடங்கியிருந்தது. வியர்வை, கொட்டாவி, மூக்கால் ஓடுகிற தண்ணீர். இந்தத் தடவை அளவைத் தீர்மானிப்பது டொக்டர், என் அலுமாரித் திறப்பு அல்ல. காலையில் வார்ட்டுக்கு வந்த நேர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்: "அங்க நோகுது, இஞ்ச நோகுது எண்டு சொல்லி மருந்து கேப்பார். நீங்க இரங்கிப் போயிராதீங்க." தெரியும் என்றேன். எனக்குத் தெரியாதா?

பத்து மணியிருக்கும். பக்கத்துக் கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நஸ்ரின்."

"என்ன?"

"கால் நோகுது, புள்ள."

பழைய பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. பழத்தைக் கீழே வைத்தேன்.

"எந்தக் கால்?"

"வலது. பெருவிரல்ல. நெருப்பு வச்ச மாதிரி எரியுது."

போர்வையைத் தூக்கினேன். அந்தப் பெருவிரலைப் பிடித்து, என் நகம் பதிய ஒரு கிள்ளுக் கிள்ளினேன்.

"உம்மா!" என்று கத்திக்கொண்டு ஸஜ்ஜாத் காலை இழுத்தார். ஒரு விரற்கடைதான். ஆனால் இழுத்தார்.

நான் எழுந்து வார்ட்டின் நடுவால் நேர்ஸிடம் ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோனது.

"மிஸ்! அவருக்கு நோகுது! வந்து பாருங்க மிஸ், அவருக்கு உண்மையா நோகுது!"